பத்து லிட்டர் வாளியும் நசீர் பாயின் டிராக்டரும்

அன்றைக்கு அணைக்கட்டு ஊர் தாண்டி அந்த மேட்டுநிலக் கொல்லையில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். டிராக்டர் சொந்தக்காரர் நசீர் பாய். அவர் மனைவி நூருன்னிசா; வேலிக்கு முதல் குழி போடுவதைப் பார்க்க வேண்டும் என்று வாணியம்பாடியிலிருந்து பஸ் மாறி, தூக்குவாளியில் சேமியா பாயசத்தோடு வந்திருந்தார். கொல்லைக்குச் சொந்தக்காரர் ஏகாம்பரம். குடியாத்தத்தில் எட்டு பவர்லூம் வைத்து லுங்கி நெய்துகொண்டிருந்தவர். கல்தூண் இறக்க வந்த இரண்டு பேர். அவர்கள் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை, கேட்டிருக்க வேண்டும். ஆறாவது ஆள் நான், ஆம்பூர் பிரஸ் ஒர்க்ஷாப் ஃபிட்டர் மணி.

எங்கள் ஃபோர்மேன் தேவசகாயம் சார் அன்றைக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதினால் மறைத்த மாதிரி ஆகிவிடும்.

இதை எழுதச் சொன்னவர்கள் ஆம்பூரில் விவசாயக் கருவி வாடகைக்கு விடும் கடைப் பையன்கள். போன மாதம் அங்கே ஒரு வேலையாகப் போயிருந்தேன். குழி தோண்டும் ஆகர் ஒன்று வந்து இறங்கியிருந்தது. கூடவே ஓர் அட்டை. எந்த டிராக்டருக்கு எந்த ஆகர், எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை அங்குலக் குழி, எல்லாம் கட்டம் போட்டு அச்சடித்திருந்தது. "அட்டை இல்லாத காலத்துல இன்னா பண்ணீங்க அண்ணே?" என்று ஒரு பையன் கேட்டான். "தப்பு பண்ணோம்" என்றேன். சிரித்தார்கள். எந்தத் தப்பு என்று அங்கே நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சைக்கிள் கடையில் இரண்டு வருடம், அப்புறம் பிரஸ் ஒர்க்ஷாப். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி டேனரிகளில் தோலுக்கு மினுமினுப்பும் அச்சும் ஏற்றுகிற ஹைட்ராலிக் பிரஸ்கள் இருக்கும். எண்ணெயின் அழுத்தத்தில் வேலை செய்பவை. அவற்றுக்கு வாஷர் மாற்றுவது, சீல் மாற்றுவது, அழுத்தம் சரி பார்ப்பது எங்கள் வேலை. கற்றுக்கொண்டது எல்லாம் கையால்தான். எழுத்தால் எதுவும் இல்லை.

எனக்குப் பயம் அதிகம். பூட்டிய பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து மூன்றாம் முறை இழுத்துப் பார்ப்பேன். சட்டைப் பையில் எப்போதும் நாலு வாஷர் இருக்கும், எதற்கும் இருக்கட்டும் என்று. ஒர்க்ஷாப்பில் இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார்கள். தேவசகாயம் சார் மட்டும் செய்ததில்லை.

அவர் என்னைவிட ஐந்து வயது சின்னவர். டிப்ளமோ படித்தவர். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பாய்லரும் கருவி அவிக்கும் எந்திரமும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எங்களிடம் ஃபோர்மேனாக வந்தார். அவர் அம்மா நர்ஸ். அந்தப் பழக்கமெல்லாம் இவரிடமும் இருந்தது. எந்திரத்தைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவுவார், தொட்ட பிறகும் கழுவுவார். ஒரு பம்பைப் பிரித்தால் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்து, கழற்றிய சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைப்பார். மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுப்பார். துண்டில் ஒன்று மிச்சம் இருந்தால் திரும்பப் பிரிப்பார். எங்கள் எல்லோரையும், டீ வாங்கப் போகிறவரைக்கூட, "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நசீர் பாய் அதற்கு முன் ஒரு டேனரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நூருன்னிசா அக்காவின் நகையை வைத்து முன்பணம் கட்டி, மீதிக்கு பேங்க் கடன் வாங்கி, ஒரு சின்ன டிராக்டர் எடுத்தார். பதினெட்டுக் குதிரைசக்தி. பெரிய டிராக்டர்காரர்கள் உழவையும் டிரெய்லர் லோடையும் எடுத்துக்கொண்டு போய்விட, இவருக்கு மிஞ்சியது செங்கல் சூளைக்குத் தண்ணீர் இழுக்கிற வேலைதான். இரண்டு தவணை தவறிவிட்டது. பேங்க்காரர் வீட்டுக்கே வந்து வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு போயிருந்தார். அடுத்ததும் தவறினால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நகையும் போனது போனதுதான்.

அந்த நேரத்தில்தான் ஏகாம்பரம் அண்ணன் வந்தார். அணைக்கட்டுப் பக்கம் பத்து ஏக்கர் வாங்கியிருந்தார். மாங்கன்று சொல்லி வைத்தாகிவிட்டது. அதற்கு முன்னால் வேலி நிற்க வேண்டும். முந்நூற்று நாற்பது கல்தூண். நிலமோ மேலே ஒரு சாண் செம்மண், கீழே சுக்கான், சுண்ணாம்பு இறுகிக் கல்லாகிப் போன மாதிரி. கடப்பாறை ஆட்கள் ஒரு மாதம் ஆகும் என்றார்கள். இவர் மெட்ராஸில் ஓர் ஏலத்தில் ஒரு ஆகரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புத் திருகாணி, அதன் தலையில் எண்ணெயால் சுழலும் ஒரு மோட்டார், எண்ணெய் போக வர இரண்டு ஹோஸ் குழாய். டிராக்டரின் பின்னால் தொங்கவிட்டு, டிராக்டரின் எண்ணெயை இதற்குக் கொடுத்தால் சுற்றிக்கொண்டே மண்ணுக்குள் இறங்கும்.

"குழிக்கு இவ்ளோன்னு தர்றேன் பாய். ரெண்டு வாரத்துல முடிக்கணும். இல்லன்னா நான் கடப்பாறை ஆளுங்கள எறக்கிடுவேன். வேலி இல்லாம கன்னு நட்டா, ஊர்ல இருக்கற ஆடெல்லாம் என் கொல்லையிலதான் பந்தி போடும்" என்றார்.

அந்தப் பணம் வந்தால் நசீர் பாய் தவறிய தவணையோடு நடப்புத் தவணையும் கட்டிவிடலாம். வண்டி தங்கும்.

ஆகரை டிராக்டருக்குப் பொருத்துகிற வேலை எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்தது. ஹைட்ராலிக் என்றால் எங்களிடம்தான் வருவார்கள். நான் டிராக்டரின் எண்ணெய் வாயில் அழுத்தம் காட்டுகிற கேஜை மாட்டினேன். முள் நூற்றைம்பதில் நின்றது. ஆகர் மோட்டாரின் தகட்டில் நூற்று நாற்பது என்று போட்டிருந்தது. தேவைக்கு மேலேயே இருக்கிறது. பொருந்திவிட்டது என்று முடிவு செய்தேன். தகட்டில் அதற்குக் கீழே இங்கிலீஷில் இன்னொரு வரி, முப்பது என்று ஓர் எண். எதுவோ முப்பது என்று விட்டுவிட்டேன். பிரஸ்காரனுக்கு கேஜ் முள்தான் எல்லாம்.

தேவசகாயம் சார் அன்றைக்கு பேரணாம்பட்டில் ஒரு பிரஸ் நின்றுபோனதைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நாளைக்கு நானும் வர்றேங்க. ஒரு தபா பாத்துட்டு ஓட்டலாம்" என்றார்.

"வேணாம் சார். நான் மூணு தபா பாத்துட்டேன்" என்றேன்.

மூன்று முறை பார்த்தது உண்மை. மூன்று முறையும் ஒரே இடத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை. ஏகாம்பரம் அண்ணன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நசீர் பாய் பிஸ்மில்லா சொல்லி நெம்புகோலைத் தள்ளினார். ஆகர் சுற்றியது. ஆனால் சோம்பேறித்தனமாகச் சுற்றியது. அதன் மடிப்புகளை எண்ணலாம் போல இருந்தது.

"இன்னா பாய், மெஷின் தூக்கத்துல நடக்குதா?" என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

"புது எடம் அண்ணே. வெக்கப்படுது" என்றார் நசீர் பாய்.

செம்மண்ணில் ஒரு சாண் இறங்கியது. சுக்கானைத் தொட்டதும் நின்றுவிட்டது. என்ஜின் உறுமுகிறது, ஆகர் நகரவில்லை. டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு லேசாக எழும்பித் திரும்ப உட்கார்ந்தன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு யாராவது பார்த்தால் கை சும்மா இருக்காது. பிரஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. தோல் சரியாக அமுங்கவில்லை என்றால் ரிலீஃப் வால்வை அரைச் சுற்று முடுக்குவோம். அளவுக்கு மேல் அழுத்தம் ஏறினால் எண்ணெயைத் திருப்பிவிட்டு எந்திரத்தைக் காப்பாற்றுகிற வால்வு அது. அதை முடுக்கினால் அழுத்தம் இன்னும் கொஞ்சம் ஏறும், தோல் அமுங்கும். ஆம்பூர் ஃபிட்டர் எவனைக் கேட்டாலும் இந்த அரைச் சுற்றுதான் முதல் வைத்தியம். நான் ஸ்பேனரை எடுத்து டிராக்டரின் வால்வை அரைச் சுற்று முடுக்கினேன். ஆகர் முனகியது. இன்னொரு அரைச் சுற்று.

டப்பென்று ஒரு சத்தம். பம்ப் பக்கத்திலிருந்து எண்ணெய் விசிறி அடித்தது. நூருன்னிசா அக்கா தூக்குவாளியை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அவர் சேலையில் முழங்கால் வரை எண்ணெய். என்ஜினை நிறுத்தினோம். ஆகர் மண்ணுக்குள் மாட்டிக்கொண்டு நின்றது. தூக்கவும் முடியவில்லை, டிராக்டரை நகர்த்தவும் முடியவில்லை.

"நல்லா கட்டிப் போட்டிருக்கீங்க. இனிமே வண்டி எங்கயும் ஓடிப் போவாது" என்றார் ஏகாம்பரம் அண்ணன். அவர் கெட்டவர் இல்லை, வாய் அப்படி.

நசீர் பாய் சிரித்தார். ஆனால் பாயசத்தைத் தொடவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சின்ன வண்டிய எடுத்திருக்கக் கூடாது. எல்லாரும் சொன்னாங்க. நான்தான் கேக்கல" என்று மனைவியிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். எல்லோரும் அந்தப் பக்கம் இருந்த நேரம் பார்த்து, வால்வை ஒரு சுற்று திருப்பிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

நாங்கள் சொல்லியனுப்பியதில், மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தேவசகாயம் சார் வந்து இறங்கினார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் ஒரு பத்து லிட்டர் வாளி. வந்தவுடன் எந்திரத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "டீ குடிச்சீங்களா?" என்றார். இல்லை என்றேன். சாலை முனை வரை கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும் வரை மாங்கன்று என்ன விலை என்று ஏகாம்பரம் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தார். பதற்றத்தில் இருக்கிறவன் கையில் ஸ்பேனர் கொடுக்கக் கூடாது என்பது அவர் சட்டம்.

முதலில் ஆகரை வண்டியோடு சேர்த்திருந்த முளையைக் கழற்றி டிராக்டரை விடுவித்தோம். திருகாணியின் தலையில் ஒரு பெரிய பைப் ரெஞ்சை மாட்டி, கல்தூண்காரர்கள் இரண்டு பேரும் எதிர்ப்பக்கமாகச் சுற்றி நடந்தார்கள். பதினோரு சுற்றில் வெளியே வந்தது. டிராக்டரை ஒரு லாரியில் ஏற்றி ஆம்பூருக்குக் கொண்டுபோனோம். லாரி நசீர் பாயின் பழைய தோஸ்த் ஒருவருடையது.

ஒர்க்ஷாப்பில் வெள்ளைத் துண்டை விரித்தார். பம்பின் சாமான் ஒவ்வொன்றாக வந்து படுத்தது. சீல் கிழிந்திருந்தது, உடம்பில் மயிரிழை போல ஒரு விரிசல். கடைசியாக ரிலீஃப் வால்வு. அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். யாரும் தொடாததற்கு அடையாளமாக நட்டின் மேல் கம்பெனி பூசியிருந்த பெயிண்ட் உடைந்திருந்தது. துண்டில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எண்ணெய் எவ்ளோ வருது மணி?" என்றார்.

"நூத்தம்பது சார்."

"அது அழுத்தம். நான் கேக்கறது, வாளியில புடிச்சா நிமிஷத்துக்கு எவ்ளோ வரும்?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

"பிரஸ்ஸு தோல அமுக்கிட்டு நிக்கும். நிக்கற வேலைக்கு அழுத்தம் போதும்ங்க. இது சுத்தணும். சுத்தற வேலைக்கு லிட்டர் வேணும்" என்றார். தகட்டைக் கொண்டுவந்து அந்த இரண்டாவது வரியைக் காட்டினார். நிமிடத்துக்கு முப்பது லிட்டர். "இத நான் உங்களுக்குப் படிச்சுக் காட்டியிருக்கணும். நாமெல்லாம் பிரஸ்காரங்க. நானும் நேத்து வந்திருந்தா முதல்ல கேஜைத்தான் பாத்திருப்பேன்."

அவர் அப்படிப் பார்த்திருக்கமாட்டார். எனக்குத் தெரியும். அவர் அப்படிச் சொன்னதுதான் என்னைப் பேச வைத்தது.

"சார், அந்த நட்டை முடுக்கினது நான்தான். அப்புறம் திருப்பி வெச்சிட்டேன்."

"தெரியும்ங்க. பெயிண்ட் உடைஞ்சிருக்கு."

"அப்போ ஏன் சார் கேக்கல?"

"கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பீங்க. அப்புறம் அந்தப் பொய்க்கும் சேத்துப் பயந்துட்டு இருப்பீங்க. இருக்கற பயமே உங்களுக்கு ஜாஸ்தி." தகட்டைத் துண்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "என்கிட்ட சொன்னா பத்தாது. வண்டி என்னுது இல்ல."

நசீர் பாய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நூருன்னிசா அக்கா. பேங்க் கடிதம் ஒன்று அக்காவின் மடியில் இருந்தது. நின்றுகொண்டே சொன்னேன். வால்வை முடுக்கியது, பம்ப் உடைந்தது, திருப்பி வைத்தது, எல்லாம். வண்டி பம்புக்கு இந்த மோட்டார் ஏற்றதில்லை என்பதையும், அதை நான் பார்க்காமல் விட்டதையும் சொன்னேன். அடித்தால் அடிக்கட்டும் என்று இருந்தேன்.

அவர் எழுந்தார். "அப்போ என் வண்டி மேல தப்பு இல்ல?"

"இல்ல பாய். வண்டி அது வேலையத்தான் செஞ்சுது. தப்பு என்னுது."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "நூரு, கேட்டியா? வண்டி மேல தப்பு இல்லயாம்! நாம ஏமாந்து வாங்கலயாம்!" என்றார். அக்கா கடிதத்தை நாலாக மடித்தார், அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் எதற்கோ தயாராக வந்து எதுவோ நடந்ததில் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பை வாஷரை உருட்டிக்கொண்டு நின்றேன்.

"நிக்கற பாரு" என்றார் நசீர் பாய். "உள்ள போய் வேலையப் பாரு மணி. திட்றதுன்னா அப்புறமா சாவகாசமா திட்றேன்."

இனி வேலை. மெட்ராஸிலிருந்து பம்ப் உடம்பும் சீலும் வர மூன்று நாள் ஆனது. மாட்டி, ஹோஸை வாளிக்குள் விட்டு, சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினார். பத்து லிட்டர் நிரம்ப முப்பத்து மூன்று விநாடி. மூன்று முறை பிடித்தார். அதாவது நிமிடத்துக்குப் பதினெட்டு லிட்டர். மோட்டாருக்கு வேண்டியது முப்பது. எத்தனை முடுக்கினாலும் அந்தப் பன்னிரண்டு லிட்டர் எங்கிருந்தும் வராது.

"அப்போ வண்டி எண்ணெய நம்ப வேணாம். வண்டியோட சுத்தை நம்பலாம்" என்றார். டிராக்டரின் பின்னால் ஒரு தண்டு சுழலும். என்ஜினின் சக்தியை மற்ற எந்திரங்களுக்குக் கொடுக்கிற தண்டு அது. அதில் ஒரு தனி பம்பை ஓட்டினால் எண்ணெய் நம் கணக்குக்கு வரும். ஒரு டேனரியில் கழித்துப் போட்ட பிரஸ்ஸிலிருந்து ஒரு கியர் பம்ப் எடுத்து வந்தோம். அது ஆயிரத்து ஐந்நூறு சுற்றில் ஓட வேண்டியது. தண்டு சுற்றுவது ஐந்நூற்று நாற்பது. தண்டில் பெல்ட் ஓட்டும் பதினாலு அங்குலப் புல்லிச் சக்கரம், பம்பில் ஐந்து அங்குலப் புல்லி. பென்சிலால் சுவரில் பெருக்கிப் பார்த்துவிட்டு, சரியாக வருகிறது என்றார். இரண்டு பெல்ட் போட்டோம். வாளி வைத்தோம். இருபது விநாடியில் நிரம்பியது. முப்பது லிட்டர்.

எண்ணெய்க்குத் தனித் தொட்டி வேண்டும். எங்கே வைப்பது என்று நான் பின்பக்கம் இடம் தேடிக்கொண்டிருந்தேன். "முன்னாடி வைங்க" என்றார் சார். "முன்சக்கரம் தூக்குச்சின்னு சொன்னீங்க இல்ல? எண்ணெயே கனமா உக்காரட்டும்." நான் பதற்றத்தில் உளறிய ஒரு வார்த்தையை அவர் ஞாபகம் வைத்திருந்தார். பன்னிரண்டு அங்குலத் திருகாணியை மாற்றி ஒன்பது அங்குலம் வெல்டு வைத்துச் செய்தோம். கல்தூணுக்கு அது போதும், மோட்டாருக்குப் பாரமும் கம்மி.

நாங்கள் கொல்லைக்குத் திரும்பியபோது ஏகாம்பரம் அண்ணன் கொடுத்த கெடுவில் ஐந்து நாள்தான் மிச்சம். திங்கட்கிழமைக்குக் கடப்பாறை ஆட்களுக்கு அவர் முன்பணமும் கொடுத்துவிட்டிருந்தார். "நான் லூம் வெச்சிருக்கறவன் பாய். ஒரு தறி நின்னா இன்னொன்னு ரெடியா வெச்சிருப்பேன். தப்பா நெனச்சுக்காத" என்றார்.

குழி போட வேண்டிய இடங்களில் முந்தின நாள் மாலையே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி ஊற வைத்திருந்தோம். சார் நசீர் பாயிடம் சொன்னார்: "ஒரேடியா எறக்காதீங்க பாய். ஒரு சாண் எறக்கி, தூக்கி, மண்ண உதறுங்க. மறுபடி ஒரு சாண். அப்பிடியே விட்டா உள்ள போய்க்கினே இருக்கும், திரும்பி வராது."

பிறகு என்னைக் கூப்பிட்டு முன் தொட்டியின் பக்கவாட்டில் என் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். "எண்ணெய் சூடானா எல்லாம் போச்சு. நம்மகிட்ட தெர்மாமீட்டர் இல்ல. நீங்கதான். பயம் வந்தா கை தூக்குங்க, பாய் நிறுத்திடுவாரு."

"சார், எனக்கு எப்பவும் பயமாத்தான இருக்கும்?"

"அதான் உங்கள வெச்சேன்."

ஆகர் இறங்கியது. இந்த முறை மடிப்புகளை எண்ண முடியவில்லை. சுக்கானைத் தொட்டபோது சத்தம் மாறியது, ஆனால் நிற்கவில்லை. வெள்ளைத் தூளாகக் கக்கிக்கொண்டு போனது. முன்சக்கரம் தரையை விட்டு அசையவில்லை. மூன்றாவது சாணில் நான் கை தூக்கினேன். நிறுத்தினார்கள். சார் வந்து தொட்டுப் பார்த்தார். "வெயில்தாங்க. ஓட்டுங்க." நாலாவது குழியில் தூக்கினேன். வெயில். ஏழாவது குழியில் தூக்கினேன்.

"ஏழாங்கிளாஸ்ல தூக்காத கையெல்லாம் இப்போ தூக்கறாம்பா!" என்றார் ஏகாம்பரம் அண்ணன். கல்தூண்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கையை எடுக்கவில்லை.

ஒரு நாளைக்கு எழுபது குழி போல ஓடியது. நாலாவது நாள் மத்தியானம், இருநூற்றைம்பது தாண்டியிருக்கும், கையை வைக்க முடியாமல் இழுத்துக்கொண்டேன். தூக்கினேன். அதற்குள் என் கையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நசீர் பாய், "பேஜார் பண்ணாத மணி, இன்னும் கொஞ்சந்தான்" என்று ஓட்டிக்கொண்டே இருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினேன். "நிறுத்துங்க பாய்! இது வெயில் இல்ல!"

நிறுத்தினார். சார் தொட்டியைத் தொட்டு உடனே கையை எடுத்துக்கொண்டார். எண்ணெய் திரும்பி வரும் வழியில் இருந்த வலை, பழைய பிரஸ்ஸின் துருவால் அடைத்துப்போயிருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் இந்தப் பம்பும் போயிருக்கும். வலையைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் ஆறும்வரை இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்தோம். சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சிவந்திருந்த என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பையிலிருந்து பர்னால் களிம்பு எடுத்து அவரே தடவிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சாயும் முன் முந்நூற்று நாற்பதாவது குழி முடிந்தது. ஏகாம்பரம் அண்ணன் கொல்லையை ஒரு சுற்று நடந்து எல்லாக் குழியையும் எண்ணினார். முந்நூற்று நாற்பத்தொன்று இருந்தது. எங்கோ ஒன்று கூடப் போட்டுவிட்டோம். "அதுல ஒரு கன்னு வெச்சிக்கறேன், கணக்குல சேக்க மாட்டேன்" என்று மீதிக்குக் கையோடு காசைக் கொடுத்தார். கடப்பாறை ஆட்களை மாங்கன்றுக்குக் குழி வெட்டத் திருப்பிக்கொண்டார். திங்கட்கிழமை காலை பேங்க் திறக்கும்போது நசீர் பாயும் அக்காவும் வாசலில் நின்றார்கள். வண்டி தங்கிவிட்டது. அதற்கப்புறம் ஒடுகத்தூர், அமிர்தி அடிவாரம் என்று வேலிக்கும் தென்னங்கன்றுக்கும் அவரைத் தேடி வந்து கூப்பிட்டார்கள். வருடத்துக்கு இரண்டு முறை வண்டி எங்களிடம் வரும். வந்தால் சார் முதலில் வாளியைத்தான் எடுப்பார். பிறகு நானும் அப்படியே ஆகிப்போனேன். ஓய்வு பெறும்வரை வாளி வைக்காமல் எந்த எந்திரத்தையும் எதோடும் நான் சேர்த்ததில்லை.

உடைந்த பம்புக்கு மெட்ராஸில் ஆன செலவு முந்நூற்று எண்பத்தைந்து ரூபாய். நசீர் பாய்தான் எங்கோ புரட்டிக் கட்டியிருந்தார். ஒர்க்ஷாப் கணக்கில் போட்டுக்கொள்ளலாம் என்று சார் சொன்னார். நான் ஒப்பவில்லை. மாதம் முப்பது ரூபாய், சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடிக்குப் போய் நானே கொடுப்பேன். நசீர் பாய் முதல் மாதம் சண்டை போட்டார். இரண்டாம் மாதம் வாங்கிக்கொண்டு, போகும்போது கட்டாயம் சாப்பிட வைத்தார். சாவகாசமாகத் திட்டுகிறேன் என்று சொன்னதையும் அந்தச் சாப்பாட்டு நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துக்கொண்டார். பன்னிரண்டு மாதம் போனது.

பதின்மூன்றாவது மாதம் மீதியை எடுத்துக்கொண்டு போனேன். இதோடு முடிந்தது என்று இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இத வாங்கிக்கினா அடுத்த மாசம் நீ வருவியா?"

"வருவேன் பாய்."

"வரமாட்ட. கணக்கு முடிஞ்சிதுன்னா, 'போனா அவங்களுக்குத் தொந்தரவா இருக்குமோ'ன்னு ரோட்டு வரைக்கும் வந்து யோசிச்சிட்டுத் திரும்பிப் போய்டுவ. உன்ன எனக்குத் தெரியாதா? வெச்சிக்க. தோஸ்துங்க நடுவுல கொஞ்சம் பாக்கி இருக்கணும்."

எனக்கு அது பெரிய கவலையாகப் போயிற்று. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போவேன். ஒவ்வொரு வருடமும் திரும்ப என் சட்டைப் பையிலேயே வைத்துவிடுவார். இப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம். டிராக்டரை விற்றுப் பல வருடம் ஆகிறது. போன ரம்ஜானுக்குப் போனபோது, வயசாகிறது பாய், இந்த வருஷமாவது வாங்கிக்கங்க, என் மனசு ஆறும் என்று காதோரம் குனிந்து சத்தமாகச் சொன்னேன். நூருன்னிசா அக்கா உள்ளேயிருந்து சிரித்தார்.

"இன்னா அவசரம் மணி?" என்றார் அவர். "நான் எங்க போய்டப் போறேன்?"

கவர் என்னிடம்தான் இருக்கிறது. நசீர் பாய்க்கு நான் தர வேண்டியது, இன்றைய தேதிக்கு, இருபத்தைந்து ரூபாய்.